விளக்கம் கேட்கத் தேவையில்லை

கடிதத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தியில் என்னை மதிப்பிற்குரியவர் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவதில், மறு உத்தரவு வரும்வரை நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவதில் என் ஒத்துழைப்புக்கு நன்றி. நான் இன்னும் ஒத்துழைக்கவே ஆரம்பிக்கவில்லை.

அப்போது என் எதிரே கட்டிலில் ஒருவர் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றேன். அவர் இழுத்து விட்டார். நானும் இழுத்து விட்டேன். "இன்னொரு தடவ" என்றேன். ஐந்தாறு தடவை ஆனதும் அவர் தலையைத் தூக்கி, "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

நான் ஐம்பத்திரண்டு வயது அறுவை மருத்துவன். வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில் ஒரு நடுத்தர மருத்துவமனையில். காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் பஸ் ஏறி வருகிறவன். கார் இருக்கிறது. அதை ஓட்டுகிற தைரியம் இல்லை. வயிற்றைத் திறக்கிறவனுக்கு லாரியைக் கண்டால் பயம் என்று என் மனைவி கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் மருத்துவமனையில் மருத்துவர்களை மருத்துவர்களே மதிப்பாய்வு செய்யும் குழு ஒன்று உண்டு. ஒரு நோயாளி நாலு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தால், அந்தக் கோப்பை அதே துறையைச் சேர்ந்த இன்னொரு மருத்துவருக்குக் கொடுப்பார்கள். நோயாளி பெயர், ஊர், சிகிச்சை தந்த மருத்துவர் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவர் படித்துவிட்டுக் கருத்து எழுதுவார். யார் எழுதினது என்பது ரகசியம். நல்ல ஏற்பாடுதான். அது இல்லையென்றால் எங்கள் தவறுகளை நாங்களே தையல் போட்டு மூடிவிடுவோம். நானும் அந்த மதிப்பாய்வாளர்களில் ஒருவன். அடுத்தவன் கோப்பாக இருக்கிறவரை அந்த முறையை நான் மேடைபோட்டு ஆதரித்திருக்கிறேன்.

இப்போது கடிதத்தோடு ஒரு தாள் இணைத்திருந்தது. முகம் தெரியாத அந்த மதிப்பாய்வாளரின் கருத்து. காலை எட்டு மணிக்குக் குடல்வால் அழற்சியோடு வந்த நாற்பது வயது ஆணுக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் அறுவை நடந்திருக்கிறது, அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது, ஒன்பது மணி நேரம் இந்த மருத்துவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று பதிவேட்டில் ஒரு வரி இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. நடுவே ஒரே ஒரு வாக்கியம் தமிழில்: "தேர் நிலைக்கு வந்தப்புறம் வடம் பிடிக்க ஓடி வந்திருக்கிறார்." கடைசி வரி: "பதிவேடே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. மருத்துவரிடம் விளக்கம் கேட்கத் தேவையில்லை."

அந்தக் கடைசி வரிதான் என்னைச் சாய்த்தது. மதிப்பாய்வாளர் அப்படி எழுதிவிட்டால் எங்கள் விதிப்படி நேராக நடவடிக்கைதான். ஏழு நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். செய்யாவிட்டால், அல்லது செய்து தோற்றால், மூன்று மாதத்துக்கு இன்னொரு மருத்துவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் நான் கத்தியைத் தொட முடியும். இருபத்திரண்டு வருஷமாக அறுக்கிறவன், பத்தாம் வகுப்பு மாணவன் போல ஆள் வைத்து அறுக்க வேண்டும்.

கடிதத்தில் நோயாளியின் பெயர் இருந்தது, எனக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. கீரப்பாளையம் பக்கத்து விவசாயி. காலை எட்டரைக்கே அறுவை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சம்மதக் கையெழுத்து போட ஆளில்லை. ஆள் இல்லை என்றால், வராந்தாவில் பதினோரு பேர் நின்றார்கள். ஒருத்தரும் போடமாட்டேன் என்றார்கள். தாய்மாமன் வரட்டுமாம். அவரைக் கேட்காமல் முன்பொரு தடவை காதுகுத்துக்குத் தேதி குறித்துவிட்டு, நாலு வருஷம் அவர் இவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். நோயாளியே படுத்துக்கொண்டு, "மாமா வரட்டும் சார், அப்புறம் வம்பு" என்று முனகினார். மாமா பண்ருட்டியிலிருந்து முந்திரி லோடு ஏற்றிப் போன லாரியில் எங்கோ திண்டிவனம் தாண்டி இருந்தார். போனில் பிடித்தேன். "நான் வர்ற வரைக்கும் எவனும் பேனாவத் தொடக் கூடாது" என்றார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், நோயாளியின் சம்சாரத்திடம் படம் வரைந்து காட்டினேன். மாமா நாலரை மணிக்கு வந்தார். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து அவர் கேட்டது: "ஏன் சார், இன்னும் ஆபரேஷன் பண்ணாம என்னா பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

இதையெல்லாம் நான் நோயாளிக் கோப்பில் எழுதவில்லை. நர்ஸ் அவருடைய குறிப்பேட்டில் மணிக்கு மணி எழுதியிருந்தார். ஆனால் அது வேறு அலமாரி.

ஆக, எனக்கு ஒரு பதில் இருந்தது. அதைக் கேட்க ஆள்தான் இல்லை. அடுத்து, யார் இந்தக் கருத்தை எழுதிய ஆசாமி என்று யோசித்தேன். எங்களிடம் அறுவை மருத்துவர்கள் மொத்தம் நாலு பேர். என்னைக் கழித்தால் மூன்று. ஒருவர் பேறுகால விடுப்பில் இருக்கிறார். இன்னொருவர் மருந்துச் சீட்டு எழுதவே கை நோகிறது என்பார், அரைப்பக்கம் எழுதியிருக்க வாய்ப்பில்லை. மிச்சம் பண்ருட்டி ஊர்க்கார மருத்துவர், எங்கள் எல்லாருக்கும் பண்ருட்டிக்காரர். சந்தேகமே இல்லை. பண்ருட்டிக்காரர்தான்!

பண்ருட்டிக்காரருக்கு என்மேல் கோபம் இருக்க ஒரு நியாயமும் இருந்தது. போன வருஷம் அவருக்கு இதே மாதிரி ஒரு கடிதம் வந்து, மூன்று மாதம் மேற்பார்வையில் அறுவை செய்யச் சொன்னார்கள். மேற்பார்வைக்கு நின்றவன் நான். நின்றேன் என்றால் கைகட்டி நின்றேன். அவர் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனாலும் நடுநடுவே "ம்" என்று சொல்லிவைப்பேன், மேற்பார்வை என்றால் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. அது முடிந்ததும் அவர் ஊரிலிருந்து பலாப்பழம் கொண்டுவர ஆரம்பித்தார். அன்று காலையும் என் அறை மேசைக்குக் கீழே ஒன்று இருந்தது. முக்கால் சாக்கு அளவு.

அதைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு யாரும் கம்பீரமாக நடக்க முடியாது என்பது அன்று தெரிந்தது. முள் குத்தி, முழங்கையால் கதவைத் தள்ளி, "இந்தாங்க. எனக்கு வேணாம்" என்றேன்.

"பழுக்கலியா சார்?" என்றார்.

"எல்லாம் நல்லாவே பழுத்துருக்கு" என்று அர்த்தத்தோடு சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு ஒரு அர்த்தமும் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் அதைவிடப் பெரிய பழம் ஒன்றை வாங்கி என் மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் வாழ்க்கை முழுக்க முடிந்துபோயிற்று. கடலூர் பஸ் நிலையம் தாண்டுவதற்குள் வேலை போயிற்று. குடிகாடு வருவதற்குள் மருத்துவர் பதிவு போயிற்று. ஆலப்பாக்கத்தில் என் மகளுக்கு வரவேண்டிய வரன் எழுந்து போனது. அவளுக்கு இன்னும் பதினேழு வயது, அது வேறு விஷயம். புதுச்சத்திரம் வருவதற்குள் நான் சிதம்பரத்தில் கரும்புச் சாறு கடை போட்டு, அதில் விரலை விட்டுக்கொண்டு, அந்த விரலைத் தைக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது மருத்துவமனை வாட்ச்மேன் எனக்கு சல்யூட் வைக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்குள் விஷயம் பரவிவிட்டது என்று நிச்சயமாக நம்பினேன். அவர் அப்போது குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவியும் அவளுடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் சிதம்பரம் கோர்ட்டில் வக்கீல். வரப்புத் தகராறுதான் அவர் தொழில். நாலு அங்குல வரப்புக்கு நாற்பது வருஷம் வழக்கு நடத்தக் கூடியவர். நான் போனிலேயே அழுதுவிட்டிருந்ததால் அவர் புத்தகங்களோடு வந்திருந்தார்.

"மச்சான், பயப்படாத. உன்னக் கேக்காம உனக்கு எதிரா எழுதிட்டானுங்க இல்ல? அது ஒண்ணு போதும். கொலகாரனக் கூட, நீ என்னாடா சொல்றன்னு கேட்டுட்டுத்தான் உள்ள தள்ளணும்."

"நான் கொலகாரன் இல்ல மச்சான்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நோயாளி இருக்கான் இல்ல?"

"இருக்கான். நடவு நட்டுக்கிட்டு இருக்கான்."

"அப்ப ரொம்ப நல்லது."

மச்சான் பதினாலு பக்கத்துக்கு மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார். முதல் மூன்று பக்கம் நான் பிறந்து வளர்ந்த விதம். நான் அந்த மதிப்பாய்வாளரைத் திட்டிக்கொண்டே அறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். கோப்பை ஒழுங்காகப் படிக்காத சோம்பேறி. சக மருத்துவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாத ஆணவம் பிடித்தவன். ஊரான் வீட்டு நெய்யே என்று கருத்து எழுதுகிறவன். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மச்சான் அதை நாகரிகமாக மாற்றி எழுதிக்கொண்டார்.

மனைவி மட்டும் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இந்தத் தேர், வடம்னு ஒண்ணு எழுதியிருக்கே" என்றாள்.

"அதான் திமிரு."

"இல்ல. இத நான் எங்கியோ கேட்ருக்கேன்." கொஞ்சம் யோசித்தாள். "எங்க அண்ணன் நம்ம வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாரே, அன்னிக்கு நீங்க இதத்தான் சொன்னீங்க."

மச்சான் எழுதுவதை நிறுத்தினார். "என்னயா?"

"எங்கம்மா வீட்டு விசேஷத்துலயும் சொன்னீங்க. அண்ணன் மக சடங்குக்கு…"

"ஊர்ல எல்லாரும் சொல்றதுதான்" என்றேன்.

"ஒருத்தரும் சொல்றதில்ல. இருபத்தி நாலு வருஷமா நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க."

எங்கள் குழுவில் கருத்தை உட்கார்ந்து எழுத வேண்டும் என்று விதி இல்லை. போனில் பேசி அனுப்பினால், சிகிச்சைத் தரத்தைக் கவனிக்கிற தர அலுவலகத்து சிஸ்டர் அதைத் தட்டச்சு செய்துவிடுவார். நான் எப்போதும் அப்படித்தான் அனுப்புவேன். பஸ்ஸில். சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன், மனைவியின் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பதற்காக. இரண்டரை மாதத்துக்கு முந்தைய ஒரு குரல் பதிவைத் தொட்டேன்.

என் குரல். எட்டு மணிக்கு வந்த நாற்பது வயது ஆண். குடல்வால். இந்த மருத்துவர் எங்கே இருந்தார், என்ன செய்தார். பின்னால் கண்டக்டர், "ஆலப்பாக்கம்லாம் முன்னாடி வாங்க, ஆலப்பாக்கம்" என்று கத்துகிறார். தேர். வடம். அந்த இடத்தில் நான் என் ஜோக்குக்கு நானே சிரிக்கிறேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விளக்கம் கேட்கத் தேவையில்லை என்கிறேன். மொத்தம் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி.

நான் அன்றைக்குக் கையில் வைத்திருந்தது அந்தக் கோப்பின் தட்டச்சுச் சுருக்கம். பெயரும் ஊரும் மறைத்த சுருக்கம். அந்த மாதம் மட்டும் எத்தனையோ குடல்வால் எடுத்திருந்தேன். எல்லாம் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். என் நோயாளியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. காரணம் எளிது, நான் தாளின் முதல் பாதியைத்தான் படித்திருந்தேன்.

மச்சான் பேனாவை மூடினார். "இதுல வாதியும் நீ, பிரதிவாதியும் நீ. நான் யாருக்கு வக்கீல்?"

"எனக்குத்தான்."

"அதான் கேக்குறேன்."

மறுநாள் முதல் வேலையாகத் தர அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருக்கும் சிஸ்டர் கடலூர்ப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர், பூசைக்குப் போவது போலவே ஒழுங்காக அலுவலகத்துக்கும் வருகிறவர். கோப்பில் பெயர்களை மறைப்பது அவர்தான். வேறு எதுவும் ஒட்டாது என்று காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி வெட்டி ஒட்டுவார்.

"சிஸ்டர், என் கோப்ப எனக்கே குடுத்துட்டீங்க."

"நான் எங்க சார் குடுத்தேன்? நான் ஒட்டுறதோட சரி. யார் யாருக்குன்னு பிரிக்கிறது நிர்வாக ஆபீஸ்ல."

"பிரிக்கிறவங்களுக்கு யாரு கோப்புன்னு எப்படித் தெரியும்?"

"அவுங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான சார் நான் மொதல்லயே ஒட்டிடறேன்." சிஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் விஷயம் உறைத்தது. சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப இதுக்கு முன்னாடியும் யாராவது அவுங்களயே…"

"நல்லாருந்துச்சுன்னு எழுதியிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அம்மாள் ஒரு கண் மருத்துவர். எதையும் பெரிதுபண்ணாதவர். விதிப் புத்தகத்தை எப்போதும் மேசைமேல் வைத்திருப்பார், அதன்மேல் டிபன் பாக்ஸை.

"மேடம், அந்தக் கருத்த எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"உங்களுக்குத் தெரியக் கூடாது டாக்டர். அது விதிமீறல்."

"நான்தான் மேடம் எழுதுனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மதிப்பாய்வாளர் தன் பேர சம்பந்தப்பட்ட டாக்டர்கிட்ட சொல்லக் கூடாது. நீங்க கையெழுத்துப் போட்ருக்கீங்க."

"நான் சொல்லல. என் சம்சாரம் கண்டுபிடிச்சா."

"அது இன்னும் மோசம்." டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "சரி. மதிப்பாய்வாளர் ஒருதலைப்பட்சம்னு சொல்லி மேல்முறையீடு பண்ணலாம். உங்களுக்கும் அவருக்கும் முன்பகை உண்டா?"

"உண்டு மேடம். நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து."

அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். "விசாரணையில ரெண்டு பேரையும் கேக்கணும். ஆனா டாக்டரும் மதிப்பாய்வாளரும் ஒரே நேரத்துல ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. பத்தாவது விதி." கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னை எந்த இடத்தில் வெட்டுவது என்று யோசிக்கிற மாதிரி.

விசாரணை வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய மூன்று நாளும் நான் தியேட்டருக்கு வெளியே திரிந்தேன். உள்ளே வேறு ஒருவர் என் நோயாளிகளை அறுத்துக்கொண்டிருந்தார். குடலிறக்கத்துக்குத் தேதி கொடுத்திருந்த ஒரு மீன் வியாபாரி மட்டும், "அவுரு வரட்டும், நான் இருந்துக்குறேன்" என்று வார்டில் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், "உங்களுக்கு எப்படி சார் இருக்கு?" என்று என்னை விசாரிப்பார். சிரிப்பாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை குழுவில் மூன்று பேர். கண்காணிப்பாளர் அம்மாள், மயக்க மருத்துவர் ஒருவர், பிறகு பண்ருட்டிக்காரர். நான் பலாப்பழத்தை நினைத்து அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் நான் மருத்துவராக இருந்தேன். தாய்மாமன் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. ஒரு மனுஷனைக் கேட்காமல் எப்படி முடிவுகட்டலாம் என்று மேசையைத் தட்டினேன்.

"இனி மதிப்பாய்வாளரக் கேக்கணும்" என்றார் அம்மாள். "டாக்டர் வெளிய போங்க."

போனேன். வராந்தாவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் சிஸ்டர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். மதிப்பாய்வாளர் எழுத்தில் பதில் தரலாம் என்று விதி அனுமதிக்கிறதாம்.

முதல் சீட்டு: "நர்ஸ் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினீர்களா?" இல்லை என்று எழுதினேன். சிஸ்டர் அதை மடித்து உள்ளே எடுத்துப்போனார்.

இரண்டாவது: "ஏன்?" அந்த ஒற்றை வார்த்தைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். நேரமில்லை என்று எழுதி, அடித்தேன். கோப்போடு வரவில்லை என்று எழுதி, அதையும் அடித்தேன். கடைசியில், "தோன்றவில்லை" என்று எழுதினேன்.

மூன்றாவது சீட்டில் பண்ருட்டிக்காரர் கையெழுத்து: "இந்த மருத்துவரிடம் விளக்கம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?"

உள்ளே மேசையைத் தட்டிய கை வெளியே வந்ததும் எப்படித்தான் இவ்வளவு சின்னதாகிவிடுகிறதோ தெரியவில்லை. நான் எழுதிய பதில் சீட்டின் இரண்டு பக்கமும் போயிற்று. சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார், பரீட்சைப் பேப்பர் வாங்குகிற மாதிரி.

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் குறிப்பேடு மேசையில் திறந்திருந்தது. எட்டரை, ஒன்பதே கால், பத்து என்று நான் யாரிடமெல்லாம் கெஞ்சினேன் என்பது அழகான கையெழுத்தில் இருந்தது. ஒன்றேகாலுக்கு "டாக்டர் சாப்பிடப் போனார்" என்பதும் இருந்தது. மயக்க மருத்துவர் அந்த இடத்தில் விரலை வைத்துச் சிரித்தார்.

பண்ருட்டிக்காரர் சிரிக்கவில்லை. "உங்கள ஒரு வார்த்த கேக்காம எழுதினது தப்பு. அது வேற. ஆனா சார், இவ்வளவும் நடந்துருக்கு, நீங்க உங்க கையால ஒரு வரி எழுதல. நர்ஸ் அம்மா எழுதாம விட்ருந்தா இன்னிக்கு நாங்க எத வெச்சு உங்கள நம்புறது?"

அந்தக் கேள்வி நியாயமானது. பாழாய்ப்போன அந்த மதிப்பாய்வாளரும் அதைத்தான் கேட்டிருந்தார், கொஞ்சம் திமிராக.

முடிவை அன்றே எழுதினார்கள். அந்தக் கருத்து செல்லாது. நான் அடுத்த நாளே தியேட்டருக்குப் போகலாம். காலதாமதத்துக்கான காரணத்தைக் கோப்பில் எழுதாததற்கு எச்சரிக்கை, அது என் பெயரில் நிற்கும். இனி யாரைப் பற்றியும் அவரைக் கேட்காமல் கருத்து எழுதக் கூடாது. அதோடு, "விளக்கம் கேட்கத் தேவையில்லை" என்று இதற்கு முன் எழுதப்பட்ட கோப்புகளையெல்லாம் திறந்து, அந்தந்த மதிப்பாய்வாளரே அந்தந்த மருத்துவரிடம் நேரில் போய் விளக்கம் கேட்க வேண்டும்.

"அப்ப மதிப்பாய்வாளர் யாருன்னு தெரிஞ்சிடுமே மேடம்?" என்றேன்.

"தெரியட்டும்" என்றார் அம்மாள். பத்தாவது விதியின்மேல் டிபன் பாக்ஸை வைத்தார்.

சனிக்கிழமை காலை மீன் வியாபாரிக்கு அறுவை செய்தேன். முடித்துவிட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எத்தனை மணிக்கு முடித்தேன், நடுவே விளக்கு ஒரு தடவை மினுக்கியது உட்பட இரண்டு பக்கம் எழுதினேன். தியேட்டர் சிஸ்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

மத்தியானம் தர அலுவலகத்திலிருந்து கோப்புகள் வந்தன. பிளாஸ்திரியைப் பிய்த்துக் கொடுத்திருந்தார்கள். நான் பஸ்ஸில் முடித்த கோப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது போன வருஷத்துப் பித்தப்பை அறுவைக் கோப்பு. அதை வைத்துத்தான் பண்ருட்டிக்காரரை மூன்று மாதம் மேற்பார்வையில் போட்டிருந்தார்கள். என் கருத்து எட்டு வரி. கைகட்டி நின்று "ம்" சொன்னவனும் நான்தான், நிற்கவைத்தவனும் நான்தான்.

கோப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். வெளியே நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இந்த கேஸ்ல நீங்க என்னா சொல்றீங்கன்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அவர் என் கையில் இருந்த கோப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு ஏதாவது ஜோக் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒன்றும் வரவில்லை.

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். மூலையில் பின் துருப்பிடித்திருந்தது. "அப்பவே எழுதிட்டேன் சார். ஒருத்தரும் கேக்கல. கிழிச்சுப் போடவும் மனசு வரல."

இருபத்திரண்டு பக்கம். எட்டாம் பக்கத்தில் பித்தப்பையின் படம், நீலம் பச்சை இரண்டு மையில். நோயாளிக்கு இரண்டு குழாய்கள் இயற்கையிலேயே இடம் மாறியிருந்ததை ஒவ்வொன்றாக அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். நாற்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "கொஞ்சம் இருங்க" என்று அவர் குரல் கொடுத்தார்.

மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பிப் போனபோது, அங்கே மதிப்பாய்வாளரைப் பற்றி ஒரு பத்தி இருந்ததைப் பார்த்தேன். முதல் தடவை அவசரத்தில் தாண்டிவிட்டிருந்தேன். இப்போதும் மெல்லப் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"அத வுட்டுட்டீங்க சார்" என்றார் அவர். "சத்தமாப் படிங்க."